கட்டியங்காரன் முதல் குணச்சித்திரம் வரை

மதுரை, புதுக்கோட்டைப் பக்கத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில், வள்ளிக்கும் முருகனுக்கும் முன்பே மேடையேறுபவர் பபூன். ஆர்மோனியக்காரரை வம்புக்கு இழுப்பார்; ஆட வரும் பெண்ணிடம் எதிர்ப்பாட்டுப் பாடி வாங்கிக் கட்டிக்கொள்வார்; முன்வரிசைக்காரரையும் விடமாட்டார். கதையோடு அவருக்குப் பெரிய ஒட்டில்லை. கூட்டத்தைக் கலையவிடாமல் பிடித்து வைப்பதே வேலை.

‘பபூன்’ ஆங்கிலம் வழியே வந்த சொல். ஆங்கிலம் அதைப் பிரெஞ்சிலிருந்தும், பிரெஞ்சு இத்தாலிய ‘புஃபோனே’யிலிருந்தும் எடுத்தன. ஊதுதல் என்பது வேர். கன்னத்தை உப்பவைத்துச் சிரிப்பு மூட்டியவன் என்று பொருள் விரிந்தது. தமிழ் வாயில் ‘ஃப’ பகரமானதால், குரங்கினப் பெயரும் இதுவும் ஒரே ஒலியாகிவிட்டன.

சொல் புதிது, ஆள் பழையவர். தெருக்கூத்தில் அவர் கட்டியங்காரன். கட்டியம் என்பது அரசன் வருகையைப் புகழோடு கூவி அறிவிப்பது. கூத்தில் அந்தப் பணியாளே அரசனை நையாண்டி செய்வான். வடமொழி நாடகத்தில் விதூஷகன் அரசனின் தோழன். கட்டியங்காரனோ சபையின் தோழன்.

மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள ஜார்ஜ் டவுனுக்கும் இதில் பங்குண்டு. தமிழ் மேடையை மாற்றிய பார்சி நாடகம் 19ஆம் நூற்றாண்டில் பினாங்குக்கும் வந்தது. அதைப் பார்த்துப் பிறந்த மலாய் நாடகம் பங்சாவான். 1885இல் மாமாக் புஷி தொடங்கிய குழு அதன் முன்னோடிகளில் ஒன்று. ‘பங்சா’ நம் ‘வம்சம்’ என்பதன் உறவுச்சொல். பங்சாவான் என்றால் உயர்குலத்தோர். அரச கதைகளுக்கு நடுவே காட்சி மாறும்போது, திரைக்கு முன்னால் பாட்டும் ஆட்டமும் சிரிப்பும் நடக்கும். அதன் பெயர் ‘எக்ஸ்ட்ரா டர்ன்’. இங்கேயும் கதைக்கு வெளியே நின்றவரிடம்தான் சபை பேசியது.

சினிமாவில் முன்வரிசை கிடையாது. யாரைப் பார்த்துப் பேசுவது? தொடக்கத்தில் பபூன் தனி நகைச்சுவைப் பகுதியாகப் பிழைத்தார். பிறகு கதைக்குள் நுழைய வேண்டியதாயிற்று. காக்கா ராதாகிருஷ்ணனின் வாழ்க்கை இந்தப் பாதைதான். பாய்ஸ் கம்பெனியில் சிவாஜி கணேசனோடு பழகியவர். 1949இல் வந்த ‘மங்கையர்க்கரசி’யில், காக்கா பிடித்தாவது வேலை வாங்கு என்றதை அப்படியே எடுத்துக்கொண்டு நிஜக் காக்கையைப் பிடிக்கப் போனார். அந்தச் சிரிப்பே பெயருக்கு முன்னொட்டாயிற்று. 1992இல் ‘தேவர் மகன்’ படத்தில் அதே சிவாஜிக்குத் தம்பியாக, சின்னத் தேவராக வந்தார். சிரிப்புக்கு அங்கே இடமில்லை.

இந்த நிலையைச் சொல்லப் பத்திரிகைகள் கையாளும் சொல் ‘குணச்சித்திர நடிகர்’. ஒருவரின் குணத்தை வரைந்து காட்டுபவர் என்று அது விரியும். நாகேஷுக்குத் தேசிய விருது கிடைத்ததும் இந்த வரிசையில்தான்: ‘நம்மவர்’ படத்தில் துணை நடிகருக்காக. சிரிக்க வைத்த காலத்தில் அந்த விருது அவரைத் தேடி வரவில்லை.

புதுப் பெயரைப் பதவி உயர்வு என்றே பலரும் எண்ணுகிறோம். ஆனால் சிரிப்பின் இடைவெளியை அளந்து பழகிய வாய்க்குத்தான் துக்கத்தில் எங்கே நிறுத்துவது என்று தெரியும். ஸ்பெஷல் நாடக நோட்டீஸில் ‘பபூன்’ இன்றும் வசவாக அல்ல, ராஜபார்ட்டைப் போலவே ஒரு பொறுப்பின் பெயராக அச்சாகிறது. குணச்சித்திரம் அந்தப் பொறுப்பின் அடுத்த வகுப்பு.