கல்லுக்கு எண் இட்ட கதை

கதை எழுதுகிறவனுக்கு வர்ணனைதான் கைமுதல். "மங்கலான", "கரடுமுரடான", "பளபளக்கிற" என்று அள்ளி விடுகிறேன். வாசகர்கள் அவரவர் மனப்போக்கில் பொருள் கொள்கிறார்கள், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் இதே சொற்களை நம்பி, பெரும் பணத்தைக் கொட்டிப் பூமியைத் துளைக்கிறவர்களின் கதி என்ன?

பூமிக்கடியில் எண்ணெய் ஏரிபோலத் தேங்கியிருப்பதாக நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை, கல்லின் நுண்துளைகளுக்குள், பஞ்சில் நீர்போல ஊறிக் கிடக்கிறது. துளையிடும்போது சேற்றுக் குழம்போடு மேலே வரும் கல் துணுக்குகளைக் கழுவி, பூதக்கண்ணாடியில் பார்த்துக் குறிப்பு எழுதுவார் பூகர்ப்ப சாஸ்திரி. அமிலம் ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புக் கல் நுரைத்துப் பொங்கும். அதுவரை தகராறில்லை. துளைகள் "ஓரளவு உண்டு" என்று ஒருவர் எழுதுவதை இன்னொருவர் "நிறைய" என்று எழுதினால்தான் வம்பு.

அமெரிக்காவில் ஷெல் கம்பெனியைச் சேர்ந்த ஜி. இ. ஆர்ச்சி என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். கல்லின் மின்தடையைக் கொண்டு அதிலுள்ள எண்ணெயை மதிப்பிட 1942-லேயே சூத்திரம் தந்தவர் அவர். 1952-ல் சுண்ணாம்புக் கல் வகைகளுக்குக் குறியீடு வகுத்தார். உடைந்த முகம் கெட்டியாயிருந்தால் 1. சாக்குக் கட்டிபோல் மங்கினால் 2. சர்க்கரைபோல் மினுமினுத்தால் 3. துளைகளுக்கு ஏ, பி, சி, டி. பத்து மடங்கு பெருக்கியும் துளை தெரியாவிட்டால் ஏ. துளை துணுக்கைவிடப் பெரிதானால் டி. அதை எப்படிப் பார்ப்பது? துணுக்கின் முகத்தில் வளர்ந்த படிகங்களைக் கொண்டு ஊகிக்க வேண்டியதுதான்! சாக்குக் கட்டி வகையில் துளைகள் ஏராளமாக இருக்கலாம். ஆனால் வழிகள் மிக நுண்ணியவை, எண்ணெய் எளிதில் நகராது. ஆகவே இரண்டு குறிகளும் சேர்ந்தால்தான் கல்லின் குணம் விளங்கும்.

பிறகு கணக்கு யந்திரம் வந்தது. அதை அடுக்குப் பாறை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துவது பற்றி கிரம்பைனும் ஸ்லாஸும் 1958-ல் எழுதினார்கள். "ஓரளவு" என்றால் அந்நாளைய யந்திரத்துக்குப் புரியாது. 80 பத்திகள் கொண்ட அட்டையில் எண்ணுக்கொரு துளை போட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. கல்லின் துளையைச் சொல்ல அட்டையில் துளை!

அந்த அட்டையில் பூஜ்யத்துக்கும் தனித் துளை இருந்தது. வெற்றிடம் வேறு, பூஜ்யம் வேறு. பூஜ்யம் என்றால் "பார்த்தேன், இல்லை" என்று குறிக்கலாம். வெற்றிடத்தை "பார்க்கவே இல்லை" என்பதற்கு ஒதுக்கலாம். இரண்டையும் ஒன்றாக்கினால், யாரும் பார்க்காத கல் எண்ணெயில்லாத கல்லாகிவிடும். நல்ல கிணறு ஒன்று கைவிடப்படும்.

சொற்களில் இந்த வித்தியாசத்தை மழுப்பிவிடலாம். பார்க்காத இடத்தை ஓர் அழகான வர்ணனையால் மூடிவிட்டு நானே எத்தனையோ தடவை அடுத்த அத்தியாயத்துக்குப் போயிருக்கிறேன். எண் கல்லின் அழகைச் சொல்லாது, வாஸ்தவந்தான். ஆனால் பார்த்தாயா, இல்லையா என்று கேட்காமல் விடாது.