உயர்வு துறந்த ஒருமை



எங்கள் தளவாய்புரத்திலிருந்து இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வழியாக அருப்புக்கோட்டை செல்வது இன்று ஒரு முற்பகற் பயணம். நூறாண்டுகளுக்கு முன் ஒரு கிறித்தவ உழவன் மாட்டு வண்டியில் அவ்வழியே சென்றிருப்பின், எந்த நிலப்படத்திலும் காணாத ஓர் எல்லையைக் கடந்திருப்பான். தெற்கே திருநெல்வேலிச் சீமையில் ஆங்கிலிக்கன் திருச்சபை; அதற்குப் பேராயர் உண்டு. வடக்கே, 1834-இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷன். அங்குப் பேராயர் என்பாரே இல்லை, சபையாரே தம்மை ஆண்டுகொண்டனர். வடக்கே திருவிருந்தில் பங்குபெற்று வந்தவன் தெற்கே வந்தால், பேராயர் கைவைத்துத் திடப்படுத்தாதவன் என்னும் விதி குறுக்கே நிற்கும். பேசுவது ஒரே தமிழ், தொழுவது ஒரே ஆண்டவனை. ஆயினும் பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் மூண்ட பூசல் நமது கரிசற் காட்டிலும் வேலி போட்டுவிட்டது. நம் முன்னோர் அப்பூசலைக் கண்டவரும் அல்லர், கேட்டவரும் அல்லர்.

இவ்வேலியைப் பிடுங்க முனைந்தவர்களுள் தலையாயவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்தவர். 1910-இல் எடின்பரோ நகரில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் பேசிய அவர், மேனாட்டார் இந்தியருக்குப் பொருளும் உழைப்பும் தந்தனர், ஆனால் சமமான நட்பைத் தரவில்லை என்னும் பொருள்படக் கூறினார். அவையில் சிலர் முகம் சுளித்தனர். 1912 டிசம்பர் 29-இல் கல்கத்தாவில் அவர் தோர்ணக்கல் பேராயராக அருட்பொழிவு பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவரே.

1919 மே மாதம் 33 போதகர்கள் தரங்கம்பாடியில் கூடி, திருச்சபைகள் ஒன்றாக வேண்டும் என்று ஓர் அறிக்கை விடுத்தனர். சீகன்பால்கு 1706-இல் கரையிறங்கிய ஊர் அது. கையொப்பமிட்டவருள் இருவர் தவிர ஏனையோர் இந்தியர். அவ்விருவருள் ஒருவர் பாப்லி. திருக்குறளை மொழிபெயர்த்தவர், இந்திய இசை பற்றி நூல் எழுதியவர் என்று அவரைத் தமிழ் மாணவர் அறிந்திருப்பர்.

அறிக்கை எழுத இரண்டு நாள் போதியதாயிற்று. நிறைவேற்ற இருபத்தெட்டு ஆண்டுகள் வேண்டியிருந்தன. ஏன்? கடவுளைப் பற்றிய கொள்கையில் பெரும் பிணக்கு இல்லை. பிணக்கெல்லாம் 'யார் கைவைத்து யாருக்குக் குருப்பட்டம் தந்தார்?' என்பதில்தான். அப்போஸ்தலர் காலந்தொட்டுக் கைமாறி வரும் தொடர்பு தம்மிடமே உண்டு என்றனர் ஆங்கிலிக்கன் பிரிவினர். முப்பது ஆண்டுகள் திருமுழுக்கும் திருவிருந்தும் நடத்திய மதுரைப் போதகர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். 'நீர் மீண்டும் மண்டியிட்டுப் பட்டம் பெறுக' என்றால், அவர் அதுவரை செய்ததெல்லாம் வெறுஞ்சடங்கு என்றாகாதோ? மறுபுறம், பேராயர் ஆட்சியை ஏற்பது தம் பாட்டனார் நாடு கடந்து காத்த உரிமையை விற்பதாகும் என்று கருதினர் சபையாட்சிக்காரர். இரு சாராரும் தாம் செருக்குக் கொண்டதாக எண்ணவில்லை. முன்னோருக்கு உண்மையாக இருப்பதாகவே எண்ணினர். வகுப்பில் இப்பகுதியை நடத்துகையில் நான் சற்று நின்றே மேலே செல்வேன். அப்பட்டமான செருக்கை எவரும் கண்டுகொள்வர். நன்றியுணர்வின் ஆடையை உடுத்து வரும் செருக்கை அடையாளங் காண்பது அரிது.

முடிவில் இரு தரப்பும் இறங்கி வந்தன. பேராயர் பதவியை எல்லோரும் ஏற்றனர். ஆனால் பழைய போதகர் எவரும் மறுபட்டம் பெற வேண்டியதில்லை. இனிப் பட்டம் பெறுவோர் மட்டும் பேராயர் கையால் பெறுவர். முப்பது ஆண்டுக்காலம் இரு வகைப் போதகரும் அருகருகே பணிபுரியலாம். மனச்சான்று ஒப்பாத போதகரை எச்சபையின் மீதும் சுமத்துவதில்லை என்று வாக்குறுதியும் தந்தனர். யாரும் தோற்றதாக எழுதிக்கொடுக்க வேண்டாத ஏற்பாடு இது. இதைச் சட்டத்தின் நுட்பம் என்பார் உளர். பிறர் மானத்தைக் காத்த பணிவு என்றே நான் கொள்கிறேன்.

அசரியா இதைக் காணவில்லை. 1945 சனவரி முதல் நாள் அவர் மறைந்தார். அம்மாதத்திலேயே ஆங்கிலிக்கன் பொதுமன்றம் இசைவு தந்தது. 1947 செப்டம்பர் 27-இல், நாடு விடுதலை பெற்று ஆறு வாரம் கழித்து, சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு மரபினரும், முன்பே 1908-இல் ஒன்றுபட்டிருந்த பிரஸ்பிடேரியன், சபையாட்சி மரபினரும் அதில் இணைந்தனர். அன்றே புதிதாக ஒன்பது பேராயர்கள் அருட்பொழிவு பெற்றனர். பேராயரே வேண்டாம் என்றிருந்த மதுரைக்கு, பேராயரில்லாத ஸ்காட்லாந்துத் திருச்சபையின் மிஷனரியான லெஸ்லி நியூபிகின் பேராயரானார். அப்போது அவருக்கு அகவை முப்பத்தேழு.

எல்லோரும் வந்துவிடவில்லை. தரங்கம்பாடி மரபின் லுத்தரன் திருச்சபை தனித்தே நின்றது. உலக ஆங்கிலிக்கன் பேராயர்கள் 1948-இல் இலண்டன் இலாம்பெத்தில் கூடியபோது, புதிய திருச்சபையின் குருப்பட்டம் பற்றி ஒருமனப்படவில்லை. ஆந்திரத்தில் நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன் சபைகளுள் பலவும் அன்று சேர மறுத்தன. அவர்களை எவரும் வற்புறுத்தவில்லை. அவர்கள் வந்து சேர்ந்தது 1975-இல்.