பழைய லென்சும் புதிய கேமராவும்: பர்மா பஜார் முதல் எண்ணூர் வரை

சென்னை கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி, ராஜாஜி சாலை ஓரமாக நீண்டு கிடக்கும் சிறு கடைகளின் வரிசைக்குப் பர்மா பஜார் என்று பெயர். இன்று அங்கே செல்போன் உறைகளும் சார்ஜர்களும்தான் கண்ணில் படும். ஆனால் ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் 'ஃபாரின் கேமரா' என்று யாராவது சொன்னால், கேட்பவருக்கு முதலில் நினைவுக்கு வந்த இடம் இதுதான். அன்று துறைமுகத்தின் வழியாக வந்து இறங்கிய லென்சுகள், ஃபிலிம் மறைந்த பிறகும் டிஜிட்டல் கேமராவில் இரண்டாம் பிறவி எடுத்தன. அந்தக் கதையைப் பார்க்கலாம்.

அகதிகளின் கடைத்தெரு

1962-இல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த சில ஆண்டுகளில் வணிக நிறுவனங்கள் நாட்டுடைமை ஆயின. தலைமுறை தலைமுறையாக அங்கே தொழில் செய்துவந்த தமிழர்கள் வெறுங்கையோடு கப்பல் ஏறினார்கள். 1964 முதல் அந்தக் கப்பல்கள் சென்னைத் துறைமுகத்துக்கு வரத் தொடங்கின. வந்தவர்களில் பலருக்கு வியாபாரத்தைத் தவிர வேறு தொழில் தெரியாது. அவர்களுடைய மறுவாழ்வுக்காக 1969-இல் துறைமுகத்தை ஒட்டியே உருவானதுதான் பர்மா பஜார்.

இடம் துறைமுகத்தின் வாசல். வருபவர்கள் கப்பல் மாலுமிகளும் வெளிநாடு போய்த் திரும்பும் பயணிகளும். கைக்கடிகாரம், டேப் ரெக்கார்டர், வாசனைத் திரவியம், கேமரா எல்லாம் கடைக்கு வந்தன. சுங்கம் கட்டி வந்தவையும் உண்டு, கட்டாமல் வந்தவையும் உண்டு.

ஏன் இப்படி? அன்றைய இறக்குமதிக் கொள்கைதான் காரணம். உரிமம் இல்லாமல் நுகர்பொருள்களைத் தருவிக்க முடியாது. 1991-க்கு முன் பல பொருள்களுக்குச் சுங்க வரி அவற்றின் விலையையே தாண்டியது. மிச்சமிருந்த அளவுக் கட்டுப்பாடுகள் முழுமையாக நீங்கியது 2001 ஏப்ரல் 1-ஆம் தேதிதான்.

உள்நாட்டிலும் கேமரா இல்லாமல் இல்லை. பரோடாவில் தயாரான அக்ஃபா க்ளிக் பல வீடுகளில் இருந்தது. ஊட்டியில் 1960-இல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1967 முதல் ஃபிலிம் தயாரித்தது. ஆனால் க்ளிக் கேமராவின் லென்சைக் கழற்ற முடியாது. கேமரா போனால் லென்சும் போனது. லென்சைக் கழற்றி மாட்டும் எஸ்.எல்.ஆர் வேண்டும் என்றால் ஜப்பான், ஜெர்மனி, அல்லது சோவியத் யூனியனில் இருந்துதான் வரவேண்டும். சோவியத் நாட்டுடன் டாலர் இல்லாமல் ரூபாயிலேயே வணிகம் நடந்தது. அந்த நாட்டின் ஜெனிட் கேமராதான் இந்தியாவில் பலருக்கு முதல் எஸ்.எல்.ஆர்.

இவ்வளவு பாடுபட்டு வாங்கிய லென்சை யாரும் எளிதில் தூக்கிப் போடவில்லை. ஸ்டூடியோக்காரர் மகனுக்குக் கொடுத்தார், கல்யாண வீட்டில் படம் எடுப்பவர் உதவியாளருக்குக் கொடுத்தார். லென்ஸ் ஒரு சொத்து!

ஒரே நாளில் மதிப்பிழந்த சொத்து

டிஜிட்டல் கேமராவின் முதல் மாதிரியை கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் 1975-இல் செய்து காட்டினார். ஆனால் அது சாதாரண மக்களின் கைக்கு வர ஒரு தலைமுறை ஆனது. நிக்கான் டி1 1999-இல் வந்தது. கேனன் 300டி 2003-இல் ஆயிரம் டாலருக்குக் குறைந்த விலையில் வந்தபோதுதான் உண்மையான மாற்றம் தொடங்கியது. ஃபிலிம் ரோலுக்கும் கழுவுவதற்கும் காசு செலவழிக்க வேண்டாம் என்றதும் ஸ்டூடியோக்கள் வேகமாக மாறின. பழைய கேமராக்கள் அலமாரிக்குப் போயின. கூடவே அவற்றின் லென்சுகளும் போயின.

இங்கேதான் சிலர் ஒரு கேள்வி கேட்டார்கள். ஃபிலிம் போய் சென்சார் வந்திருக்கிறது, சரி. ஒளியை வளைத்துக் குவிக்கும் கண்ணாடி அதே கண்ணாடிதானே? அதை ஏன் தூக்கிப் போட வேண்டும்?

ஒன்றரை மில்லிமீட்டரில் அடங்கிய வரலாறு

கேள்வி எளிது. விடை லென்ஸ் மாட்டும் வளையத்தில், அதாவது 'மவுண்ட்'டில் இருக்கிறது. மவுண்டின் முகப்பிலிருந்து ஃபிலிம் வரை உள்ள தூரத்தை ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு அளவாக வைத்திருந்தது. அந்தத் தூரம் மாறினால் தொலைவில் உள்ள பொருள் தெளிவாக விழாது.

1949-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் வெளிவந்த காண்டாக்ஸ் எஸ் கேமராவில் 42 மில்லிமீட்டர் விட்டமுள்ள திருகு மவுண்ட் இருந்தது. இதுவே 'எம்42'. பிராக்டிகா, ஜெனிட், அசாஹி பென்டாக்ஸ் எனப் பல நிறுவனங்கள் இதைப் பின்பற்றின. இதன் தூரம் 45.46 மி.மீ. கேனன் 1987-இல் கொண்டுவந்த இ.எஃப் மவுண்டின் தூரம் 44 மி.மீ. இரண்டுக்கும் வித்தியாசம் 1.46 மி.மீ. அந்த இடைவெளியில் ஒரு மெல்லிய உலோக வளையத்தை வைத்துவிட்டால் போதும், அரை நூற்றாண்டுப் பழைய ஜெனிட் லென்ஸ் கேனன் டிஜிட்டல் கேமராவில் உட்கார்ந்துவிடும்!

நிக்கானில் இது நடக்காது. நிக்கானின் எஃப் மவுண்ட் தூரம் 46.5 மி.மீ. எம்42 லென்ஸ் சென்சாருக்கு இன்னும் நெருக்கமாக வரவேண்டும், அதற்கு இடமில்லை. அருகில் உள்ள பூவை எடுக்கலாம், தூரத்துக் கப்பலை எடுக்க முடியாது. ஆனால் நிக்கானுக்கு வேறொரு பெருமை உண்டு. 1959-இல் வந்த அதே எஃப் மவுண்டை அது டிஜிட்டல் எஸ்.எல்.ஆர் காலத்திலும் கைவிடவில்லை. பென்டாக்ஸ் 1975-இல் திருகை விட்டு கே மவுண்டுக்கு மாறியபோது, தூரத்தை மட்டும் 45.46 மி.மீ என்றே வைத்துக்கொண்டது. பழைய வாடிக்கையாளரின் லென்ஸ் வீணாகக் கூடாது என்ற எண்ணம் அதில் தெரிகிறது. கேனன் நேர்மாறானது. தன்னுடைய எஃப்.டி லென்சுகளை 1987-இல் அப்படியே கைவிட்டது. 42 மி.மீ தூரத்துக்குச் செய்யப்பட்ட அவை கேனனின் சொந்த டிஜிட்டல் எஸ்.எல்.ஆரிலேயே சரியாகப் பொருந்தவில்லை. சோவியத் லென்ஸ் பொருந்தும், சொந்த லென்ஸ் பொருந்தாது!

பயன்படுத்தும்போது

பழைய லென்சில் ஆட்டோஃபோகஸ் கிடையாது. கையால் வளையத்தைத் திருப்ப வேண்டும். பழைய கேமராக்களின் வியூஃபைண்டரில் உருவம் இரண்டாகப் பிளந்து சேரும் வசதி இருந்தது. டிஜிட்டல் எஸ்.எல்.ஆர்களில் அதை எடுத்துவிட்டார்கள். அதனால் கண்ணை நம்பித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். அடாப்டர் வழியாக மாட்டும்போது அப்பர்ச்சரைச் சுருக்கினால் வியூஃபைண்டரும் இருளும். எனவே முழுதாகத் திறந்துவைத்து ஃபோகஸ் செய்து, பிறகு சுருக்கி, பிறகு படம் எடுப்பது வழக்கம். நிக்கானின் குறைந்த விலை மாடல்களில் பழைய லென்சை மாட்டினால் ஒளிமானி வேலை செய்யாது. ஒரு படம் எடுத்துப் பார்த்து வேகத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். சென்சார் ஃபிலிமை விடச் சிறியதாக இருந்தால் 50 மி.மீ லென்ஸ் கேனனில் 80 மி.மீ லென்ஸ் போலக் காட்டும். முகங்களை எடுக்க இது நல்லதாகவே அமைந்தது.

ஜெர்மனியின் பயோட்டார் வடிவமைப்பை ஒட்டிச் சோவியத் நாட்டில் செய்த ஹீலியோஸ் 44 லென்ஸ், பின்னணியைச் சுழல் போல மங்கலாக்கும். அன்று அது குறை. இன்று அதற்காகவே தேடி வாங்குகிறார்கள். பென்டாக்சின் டக்குமார் 50 மி.மீ எஃப் 1.4 லென்ஸ் வகைகள் சிலவற்றின் கண்ணாடியில் தோரியம் கலந்திருந்தது. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள அதே தோரியம்தான். காலப்போக்கில் அந்தக் கண்ணாடி தேநீர் நிறத்துக்கு மஞ்சளாகும். சில நாள் வெயிலில் காயவைத்தால் புற ஊதாக்கதிர் பட்டுத் தெளியும். சென்னையில் வெயிலுக்கா பஞ்சம்?

ஆனால் சென்னைக்கு இன்னொரு குணமும் உண்டு: ஈரம். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று உலோகத்தை அரிக்கும். மூடிய தோல் உறைக்குள் ஈரம் தங்கினால் லென்சுக்குள் பூஞ்சை சிலந்தி வலை போலப் படரும். பழைய லென்ஸ் வாங்குபவர் அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பது இதற்காகத்தான். காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் இருந்தால் லென்ஸ் பிழைக்கும்.

யார் கையில் கேமரா?

2008-இல் கண்ணாடி இல்லாத 'மிரர்லெஸ்' கேமராக்கள் வந்தன. அவற்றில் மவுண்டுக்கும் சென்சாருக்கும் இடையே சுமார் 20 மி.மீ தூரமே இருப்பதால், கைவிடப்பட்ட எஃப்.டி உட்பட எல்லாப் பழைய எஸ்.எல்.ஆர் லென்சும் பொருந்தின. 2018-இல் கேனனும் நிக்கானும் முழு மூச்சாக அந்தப் பக்கம் திரும்பின. இப்போது டிஜிட்டல் எஸ்.எல்.ஆர்தான் பழைய பொருள் ஆகிவிட்டது. அதனால் அதன் விலையும் இறங்கியது. பழைய கேமரா, பழைய லென்ஸ் இரண்டையும் சேர்த்து ஒரு மாணவனால் வாங்க முடிகிறது.

இது வெறும் பொழுதுபோக்குச் செய்தி அல்ல. ராயபுரத்தில் தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் திறக்கப்பட்ட அதே 1856-ஆம் ஆண்டில்தான் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். அவர் மதுரையையும் தஞ்சையையும் எடுத்தார். எதை எடுக்க வேண்டும் என்பதை அரசு முடிவு செய்தது. பிறகு நெடுங்காலம் பணம் முடிவு செய்தது. நல்ல கேமராவின் விலை மீனவர் வீட்டுக்கும் ஆலைத் தொழிலாளி வீட்டுக்கும் எட்டாத உயரத்தில் இருந்தது.

2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. கொசஸ்தலை ஆற்றில் அனல் மின்நிலையச் சாம்பல் படிந்த கதை அதற்கும் முந்தையது. செய்தியாளர்கள் வந்தார்கள், எடுத்தார்கள், போனார்கள். அவர்கள் போன மறுநாளும், மறுவாரமும், மறுவருடமும் அந்த ஆறு எப்படி இருந்தது என்பதை அங்கேயே குடியிருப்பவரால்தான் எடுக்க முடியும். அதற்கு லட்ச ரூபாய் லென்ஸ் தேவையில்லை. கையால் திருப்பும் பழைய 50 மி.மீ போதும்.

பிழைப்பு தேடி வந்த அகதிகள், துறைமுக வாசலில் கடை போட்டு விற்ற பொருள் அது. விற்றவரும் வாங்கியவரும் நினைத்ததை விட அதன் ஆயுள் நீண்டுவிட்டது. வீட்டுப் பரணில் அப்படி ஒரு லென்ஸ் இருந்தால், பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போடும் முன் ஒருமுறை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்.