பறிபோன மேளம்

பல வருடங்களுக்கு முன், பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மைத்துனர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். கென்னி பர்ரெல் என்ற கிட்டார் கலைஞரின் ‘மிட்நைட் ப்ளூ’. ஜாஸ் என்றாலே காதைப் பொத்திக்கொள்ளும் ஆசாமி நான். முதல் உருப்படி முடிவதற்குள் அந்த எண்ணம் போய்விட்டது.

பர்ரெல் 1931-இல் டெட்ராய்ட் நகரில் பிறந்த கறுப்பினத்தவர். 1963 ஜனவரி 8-ஆம் தேதி, நியூ ஜெர்சியில் ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் இது பதிவாயிற்று. வான் கெல்டர் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு வரை கண் பரிசோதகராகத் தொழில் பார்த்தவர். வேலை முடிந்து வந்து, பெற்றோர் வீட்டுக் கூடத்திலேயே ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தாராம்!

ஜாஸ் குழுவில் பியானோ இல்லாமல் இருப்பது அபூர்வம். பர்ரெல் அதை வேண்டாம் என்று விட்டுவிட்டார். சாக்ஸபோன், பாஸ், டிரம்ஸ் ஆகியவற்றோடு ரே பாரெட்டோ என்பவரின் காங்கா மேளம். கையால் தட்டும் நெட்டையான மேளம் அது. பாரெட்டோ நியூயார்க்கில், போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்தவர்.

அந்த மேளத்துக்கு ஒரு கதை உண்டு. 1739-இல் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். மேளம் கொட்டி மற்றவர்களையும் அழைத்துக்கொண்டு நடந்தார்கள். கிளர்ச்சி அடக்கப்பட்டது. மறுவருடமே வெள்ளையர் போட்ட சட்டத்தில், அடிமைகள் மேளம், கொம்பு வைத்திருக்கக் கூடாது என்று சேர்த்துவிட்டார்கள். மேளம் போனபின் அந்த மக்கள் தொடையிலும் மார்பிலும் தட்டித் தாளம் போட்டார்கள். ஸ்பானியர் ஆண்ட கியூபாவில் நிலைமை வேறு. அங்கே ஆப்பிரிக்கர்கள் இனவாரியாகச் சங்கம் வைத்துக்கொள்ள முடிந்தது, மேளங்களும் பிழைத்தன. காங்கோ பக்கத்து மேளங்களின் வழிவந்ததுதான் காங்கா.

(பள்ளியில் பதினான்காம் லூயியின் போர்களையெல்லாம் பிரெஞ்சில் நெட்டுருப் போட்டவன் நான். 1685-இல் அதே லூயி அடிமைகளுக்கென்று ‘கோத் நுவார்’ என்ற சட்டத்தைப் பிறப்பித்ததும், வெவ்வேறு எஜமானர்களின் அடிமைகள் ஒன்றுகூடக் கூடாது என்று அதில் இருந்ததும் எங்கள் பாடத்தில் வந்ததாக நினைவில்லை.)

1947-இல் டிஸ்ஸி கில்லெஸ்பி, கியூபாவின் சானோ போஸோவைத் தன் ஜாஸ் குழுவில் காங்கா வாசிக்க வைத்தார். அவர்களுடைய இசைத்தட்டை, ஜெர்மனியில் அமெரிக்கப் படைவீரராக இருந்த இளைஞர் பாரெட்டோ கேட்டார். அவர் வாழ்க்கை அந்தப் பக்கம் திரும்பியது. இப்படிச் சுற்றிச் சுற்றித்தான் அந்த மேளம் பர்ரெலின் ப்ளூஸுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

முதல் உருப்படியின் பெயரைப் பாருங்கள்: ‘சிட்லின்ஸ் கான் கார்னே’. சிட்லின்ஸ் என்றால் பன்றிக் குடல். எஜமானர்கள் நல்ல கறியை எடுத்துக்கொண்டு அடிமைகளுக்குத் தள்ளிவிட்டது. நம் வீட்டில் குடல் கறி சமைப்பவர்களுக்கு அதைக் கழுவும் பாடு தெரியும். ‘கான் கார்னே’ ஸ்பானிய மொழியில் ‘இறைச்சியோடு’. ஏழைச் சமையலின் பெயரோடு பக்கத்து வீட்டு மொழியையும் சேர்த்துப் பெருமையாக அட்டையில் போட்டார் பர்ரெல். கறுப்பினத்தவர் பல ஊர்களில் வெள்ளையரோடு ஒரே உணவகத்தில் உட்கார முடியாதிருந்த 1963-இல்!

அவர் வாசிப்பில் அவசரமே கிடையாது. பாஸும் காங்காவும் நடை போட, சாக்ஸபோன் ஒன்று சொல்லும். கிட்டார் இரண்டு மூன்று சுரங்களில் பதில் சொல்லி நிறுத்திக்கொள்ளும். பியானோ இல்லாத இடம் அப்போது காற்றோட்டமாக இருக்கும். வேகமாக வாசித்துக் கைதட்டல் வாங்குகிறவர்களை எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. நம் கச்சேரிகளிலும் அப்படித்தான்.

மூன்றாவதாக ‘சோல் லமென்ட்’. எல்லோரும் நிறுத்திவிட, பர்ரெல் தனியாக வாசிக்கிறார். சின்ன உருப்படிதான். இரவில் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்பேன். அடுத்ததில் மேளம் மறுபடி வந்துவிடும்.