மட்டாஞ்சேரியில் பத்துப் பேர்

ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மூணு வார லீவில் ஊருக்கு வருகிறோம். அதில் பாதி சொந்தக்காரர்கள் வீட்டில் காபி குடித்தே தீர்ந்துவிடும். "கடைசி நாலு நாள் நமக்கு மட்டுமுங்க, யார் கூப்பிட்டாலும் நான் வரமாட்டேன்" என்று தங்கமணி இந்த முறை கறாராகச் சொல்லிவிட்டார். கோயமுத்தூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக இறங்கினால் கொச்சி 190 கி.மீ. சொச்சம். வாளையார் தாண்டியதும் ரெண்டு பக்கமும் மலை விலகி நிற்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கி.மீ. அகலத்துக்கு இயற்கை விட்டுவைத்த சந்து அது. கொங்கு நாட்டுக் கல்மணிகள் முசிறித் துறைமுகத்துக்குப் போனது இந்த வழியாகத்தான் என்கிறார்கள். நாங்கள் போனது இன்னோவாவில்.

ரூம் போட்டது வெலிங்டன் தீவில். குன்னூர் பக்கத்து வெலிங்டனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அது நெப்போலியனை ஜெயித்த டியூக். இது வில்லிங்டன், 1919 முதல் 1924 வரை நம்ம மெட்ராஸ் கவர்னராக இருந்து பிறகு வைஸ்ராய் ஆனவர். நம் வாயில் ரெண்டு பேரும் ஒரே ஆள் ஆகிவிட்டார்கள். ராபர்ட் பிரிஸ்டோ என்ற இன்ஜினியர் 1920-ல் கொச்சிக்கு வந்தார். கோட்டைக் கொச்சி அப்போது மெட்ராஸ் மாகாணத்தில் இருந்தது. கப்பல்கள் உள்ளே வரமுடியாமல் முகத்துவாரத்தை அடைத்துக் கிடந்த மணல் திட்டை வெட்டி வழி செய்து, தோண்டி எடுத்த மண்ணைக் காயலில் கொட்டிக் கொட்டியே ஏறத்தாழ 780 ஏக்கரில் ஒரு தீவை எழுப்பிவிட்டார். 1928 மே மாதம் பத்மா என்ற கப்பல் முதன்முதலாக உள் துறைமுகத்துக்குள் வந்தது. என் பொண்ணுக்கு இதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. ஜெட்டிப் பக்கம் நின்றுகொண்டிருந்தபோது கப்பல் கால்வாயில் ரெண்டு சாம்பல் முதுகுகள் எழும்பி முழுகின. டால்பின்! அதற்குப் பிறகு இந்தத் தீவு அவளுக்கு டால்பின் தீவு.

நாங்கள் போய்ச் சேர்ந்தது வெள்ளிக்கிழமை. அவசர அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு, தோப்பும்படி பாலம் தாண்டி மட்டாஞ்சேரி ஜூ டவுனுக்குப் போனால் பரதேசி சினகாக் சாத்தியிருக்கிறது. "இன்னு ஷபாத்தல்லே சாரே. நாளெயும் இல்ல. ஞாயறாழ்ச்ச வரூ" என்றார் வாசலில் நின்றவர். நியூஜெர்சியில் பத்து வருஷமாக யூதர்களோடு வேலை பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மீட்டிங் வைத்தால் அவர்கள் வரமாட்டார்கள் என்று தெரியும். ஊருக்கு வந்ததும் மறந்துவிட்டது பாருங்கள். தங்கமணி ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வை போதும் :-)

கிடைத்த சனிக்கிழமையை வீணாக்காமல் வடக்கே சேந்தமங்கலம் போனோம். பெரியாறு பல கிளையாகப் பிரிந்து காயலோடு கலக்கும் இடம். ரோட்டோரம் தென்னை, சதுப்பு, நீர்க்காக்கை. கோயில், பள்ளிவாசல், சர்ச், சினகாக் நாலும் கிட்டக்கிட்ட இருக்கிற ஊர் அது. சினகாக்கைப் பழுதுபார்த்து 2006-ல் அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். கும்பிட ஆள் இல்லை. வாசலில் ஒரு கல்லறைக் கல். 1269-ல் இறந்துபோன சாரா, இஸ்ரவேலின் மகள். இந்தியாவில் கிடைத்த எபிரேய எழுத்துகளில் மிகப் பழையவற்றில் இதுவும் ஒன்று என்கிறார்கள். பக்கத்துப் பறவூரிலும் ஒரு சினகாக் இருக்கிறது. அங்கும் இதே கதைதான்.

என் பையனுக்குப் பதினாலு வயது. போன வருஷம் மட்டும் மூணு நண்பர்களின் பார் மிட்ஸ்வாவுக்குப் போனவன். இந்த விஷயத்தில் என்னைவிட அவனுக்குத்தான் அதிகம் தெரியும். அந்தக் கல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பா, இவங்களை யார் துரத்தினாங்க?" என்று கேட்டான். பள்ளிக்கூடத்தில் அவன் படித்த யூத வரலாறு முழுக்கத் துரத்தல்தானே. இங்கே யாரும் துரத்தவில்லை என்று சொன்னேன். அவன் நம்பவில்லை. நியாயமாகப் பார்த்தால் நான் சொன்னதும் முழு உண்மை இல்லை. 1524-ல் கொடுங்கல்லூரில் யூதர்கள் தாக்கப்பட்டு, அதற்குப் பிறகுதான் பலர் கொச்சிக்கு நகர்ந்தார்கள். 1662-ல் போர்த்துக்கீசியர்கள் மட்டாஞ்சேரி சினகாக்கைச் சேதப்படுத்தினார்கள். அடுத்த வருஷம் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்த பிறகே மூச்சு விட முடிந்தது. ஆனால் 1950-களில் மொத்தமாகக் கிளம்பிப் போனார்களே, அப்போது யாரும் துரத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒருவழியாக உள்ளே விட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும், நம்ம கோயில் மாதிரி. காரணம் காலுக்குக் கீழே இருக்கிறது. 1762-ல் சீனாவின் கான்டனிலிருந்து வந்த நீலப்பூப் போட்ட ஓடுகள், ஆயிரத்துக்கும் மேல், எல்லாம் கையால் வரைந்தவை. மேலே கண்ணாடிச் சரவிளக்குகள். சினகாக் கட்டியது 1568-ல், கொச்சி ராஜா தன் அரண்மனையை ஒட்டிக் கொடுத்த இடத்தில். சுவருக்கு அந்தப் பக்கம் பழையன்னூர் பகவதி கோயில். எசேக்கியேல் ரஹாபி என்ற வியாபாரி 1760 வாக்கில் கட்டிய மணிக்கூண்டில் சினகாக்கைப் பார்த்த முகத்தில் எபிரேய எழுத்து, அரண்மனையைப் பார்த்த முகத்தில் மலையாள எண், கடைத்தெருவைப் பார்த்த முகத்தில் ரோமன் எண். யார் எந்தப் பக்கமிருந்து நிமிர்ந்தாலும் அவரவர் எழுத்தில் மணி.

எனக்கு இங்கே முக்கியமாகப் பட்டது கண்ணில் படாத ஒன்று. இந்தச் சினகாக்கின் பெரிய சொத்து, பேழைக்குள் பத்திரமாக வைத்திருக்கும் செப்பேடு. சேர அரசன் பாஸ்கர ரவிவர்மன் ஏறத்தாழ கி.பி. 1000-ல் யோசேப் ரப்பான் என்ற யூத வணிகருக்குக் கொடுத்தது. எழுத்து எபிரேயம் இல்லை, இன்றைய மலையாளமும் இல்லை. வட்டெழுத்து! நம் பாண்டிநாட்டுக் கல்வெட்டுகளில் இருக்கிற அதே வட்டெழுத்து. மொழியும் தமிழுக்கு ஒட்டிய பழைய மொழி. யோசேப்பு அதில் 'இசுப்பு' ஆகிவிட்டார். அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவின் உரிமை, பல்லக்கு, குடை, பகல்விளக்கு, தோரணம் என்று எழுபத்திரண்டு சிறப்புகள். மகன், மகள், மருமகன் என்று வழிவழியாக, உலகமும் நிலவும் இருக்கிறவரை செல்லும் என்று முடிகிறது. 2017-ல் நம் பிரதமர் இஸ்ரேல் போனபோது அந்த நாட்டுப் பிரதமருக்குப் பரிசாகக் கொண்டுபோனது இதன் நகலைத்தான்.

இதைப் பிள்ளைகளிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் உறைத்தது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு மனிதருக்கு ராஜா தன் ஊர் எழுத்தில் பட்டயம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த எழுத்துக்குச் சொந்தக்காரனான என் பையனுக்கு 'கொச்சி' என்ற போர்டைத் தமிழில் எழுதிவைத்தால் படிக்க ஒரு நிமிஷம் ஆகும்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பையன்தான் எங்களுக்கு மின்யான் பற்றிச் சொன்னான். முழு வழிபாடு நடக்கப் பதிமூன்று வயது தாண்டிய யூத ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். ஒன்பது பேர் இருந்தால் ஆகாது. எவ்வளவு பெரிய சினகாக்காக இருந்தாலும், தரையில் எத்தனை நீலப்பூ இருந்தாலும், ஆகாது. "நம்ம தமிழ் கிளாஸ் மாதிரிதானுங்க" என்றார் தங்கமணி. எங்கள் ஊரில் ஞாயிறு தமிழ் வகுப்புக்குப் பத்துப் பிள்ளைகள் சேர்ந்தால்தான் ரூம் கொடுப்பார்கள்.

இந்தப் பத்துக் கணக்கில்தான் ஜூ டவுனின் கசப்பான கதையும் இருக்கிறது. 'பரதேசி' என்பது திட்டு இல்லை. ஸ்பெயின், போர்ச்சுகல், மேற்காசியா பக்கமிருந்து பின்னால் வந்து சேர்ந்தவர்கள் பரதேசி யூதர்கள். அவர்களுக்குப் பல நூற்றாண்டு முன்பிருந்தே இங்கே இருந்தவர்கள் மலபார் யூதர்கள். வந்தவர்கள் தங்களை வெள்ளை யூதர் என்றும் இருந்தவர்களைக் கறுப்பு யூதர் என்றும் பிரித்தார்கள். கொடுக்கல் இல்லை, வாங்கல் இல்லை. யூதர் வீடுகளில் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் சந்ததி இன்னும் கீழே. பரதேசி சினகாக்கில் அவர்கள் வெளிக்கூடத்தில் தரையில்தான் உட்கார வேண்டும். எந்த மதம் இந்த மண்ணுக்கு வந்தாலும் நம்மிடமிருந்து முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான் போல.

அந்தச் சந்ததியில் பிறந்தவர் ஏ.பி. சேலம் (1882-1967). நம்ம சேலம் இல்லை, ஆபிரகாம் பராக் சேலம். சென்னைக்கு வந்து சட்டம் படித்தவர். கொச்சிச் சட்டசபையில் இருந்தவர். 1929 லாகூர் காங்கிரசுக்குப் போய்வந்தவர். காந்தி வழியில் தன் சினகாக்கிலேயே சத்தியாக்கிரகம் செய்தார். படிப்படியாகத்தான் கதவு திறந்தது. 1950-ல் அவர் மகன் ஒரு பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தபோது கல்யாணத்தை பம்பாயில் போய் நடத்த வேண்டியிருந்தது.

அதே வருஷங்களில்தான் ஊரே கிளம்பியது. 1948-ல் இஸ்ரேல் உருவானபோது கொச்சி யூதர்கள் மொத்தம் ஏறத்தாழ 2,500 பேர், எட்டு சினகாக்குகள். தினமும் மூன்று வேளை ஜெருசலேம் பக்கம் திரும்பித் தொழுதவர்கள், போக வழி பிறந்ததும் போனார்கள். கொச்சி ராஜ்யமும் 1949-ல் திருவிதாங்கூரோடு சேர்ந்து முடிந்துபோனது. போவதும் சுலபமாக இல்லை. கொச்சிப் பக்கம் யானைக்கால் நோய் அதிகம் என்பதால் இஸ்ரேல் சுகாதார அதிகாரிகள் தயங்கினார்கள். விசாவுக்கு மெடிக்கல் எடுத்த அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த இடம் நன்றாகப் புரியும். வீடு, பாத்திரம், கடை எல்லாம் விற்றுவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. 1955-க்குள் மலபார் யூதர்கள் பெரும்பாலும் போய்விட்டார்கள். மிளகும் இஞ்சியும் தெரிந்தவர்களை நெகேவ் பாலைவனத்தில் நெவாத்திம் போன்ற கிராமங்களில் குடியமர்த்தினார்கள். அவர்கள் அங்கே பூவும் காய்கறியும் விளைவித்தார்கள். மலையாளத்தில் யூதப் பெண்கள் பாடிய பழைய பாட்டுகள் நோட்டுப் புத்தகங்களாக அவர்களோடு போயின. மட்டாஞ்சேரி கடவும்பாகம் சினகாக்கின் உள்மர வேலைப்பாட்டையும் பிற்பாடு கழற்றிக் கொண்டுபோய் ஜெருசலேம் அருங்காட்சியகத்தில் பொருத்திவிட்டார்கள். இங்கே நின்ற அதன் வெறும் கட்டிடம் 2019 மழையில் சரிந்தது.

ஆட்கள் போகப் போக, பரதேசி சினகாக்கில் பத்துப் பேர் சேர்ப்பதே பாடாகிவிட்டது. 1968-ல் நானூறாவது ஆண்டு விழாவுக்கு இந்திரா காந்தி வந்தார், தபால்தலை வெளியிட்டார்கள். அதற்குப் பின் வந்த வருஷங்களில் எர்ணாகுளத்திலிருந்து மலபார் யூதர்களையும், சுற்றுலா வந்த யூதர்களையும் கூப்பிட்டுச் சேர்த்தால்தான் எண்ணிக்கை நிறையும் என்ற நிலை. ஒரு காலத்தில் சமமாக உட்கார வைக்காதவர்களின் வழிவந்தவர்கள்தான் இப்போது பத்தாவது ஆள். தையல் கடை வைத்திருந்த சாரா கோஹன் பாட்டி 2019-ல் 96 வயதில் போய்ச் சேர்ந்தார். கடைசிவரை அவரைப் பார்த்துக்கொண்டது ஒரு முஸ்லிம் குடும்பம். 2024 ஆகஸ்டில் குவீனி ஹலேகுவாவும் காலமானார். பரதேசிப் பெண்களில் கடைசி ஆள் அவர்.

கோட்டைக் கொச்சியில் சீன வலை பார்க்கப் போகும்போது பையன் திரும்பவும் ஆரம்பித்தான். சேலம் தாத்தா ஏன் போகவில்லை? நல்ல கேள்வி. அவர் 1930-களிலேயே பாலஸ்தீனம் போய்ப் பார்த்தவர். மற்றவர்கள் இஸ்ரேல் போக ஓடி ஓடி உதவியவர். தான் மட்டும் மட்டாஞ்சேரியிலேயே இருந்து 1967-ல் இறந்தார். அத்தனை பாடுபட்டுத் திறந்த கதவாயிற்றே, உள்ளே போய் உட்காராமல் எப்படிப் போவார் என்று எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். "இல்லைங்க, அவருக்கு அந்தத் தெரு பிடிச்சிருந்திருக்கும், அவ்வளவுதான்" என்றார் தங்கமணி. அதற்குள் வலையைத் தண்ணீரிலிருந்து தூக்க ஆரம்பித்துவிட்டார்கள். கயிற்றில் கட்டித் தொங்கும் பாறாங்கற்கள் ஒவ்வொன்றாக இறங்க, நாலைந்து பேர் சேர்ந்து இழுக்கிறார்கள். ஒரு ஆள் குறைந்ததைப் பார்த்து என் பையனையும் கூப்பிட்டார்கள். வலையில் வந்தது ஒரு கை மீன்தான்.

போகிறவர்கள் ஞாயிறு முதல் வியாழனுக்குள் போங்கள். என்னைப் போல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய் நிற்காதீர்கள்.