ஸ்டென் துப்பாக்கியும் அதன் தகர மேகசினும்

இரண்டாம் உலகப் போரில், டன்கிர்க்கில் ஆயுதங்களைப் போட்டுவிட்டுத் திரும்பிய பிரிட்டன், 1941இல் அவசர அவசரமாக உருவாக்கியது ஸ்டென் துப்பாக்கி. நாற்பது லட்சத்துக்கு அருகில் தயாரான அதற்கு, சுடும்போது சிக்கிக்கொள்ளும் என்ற கெட்ட பெயரும் சேர்ந்தே வந்தது. மலிவுச் சரக்கு, வேறென்ன எதிர்பார்ப்பது என்பார்கள். அது பாதி உண்மைதான். கோளாறின் வேர் மேகசினில் இருந்தது. இரண்டு வரிசையாக அடுக்கிய 9 மி.மீ. தோட்டாக்கள் வாய்ப்பகுதியில் ஒற்றை வரிசையாக நெருக்கப்பட்டன. அந்த இடத்தில் கொஞ்சம் மணல் புகுந்தாலே அடைத்துக்கொள்ளும். தகட்டின் உதடு லேசாக நசுங்கினாலும் தோட்டா கோணலாக ஏறும். அதனால்தான் 32 கொள்ளும் மேகசினில் வீரர்கள் இரண்டு மூன்றைக் குறைத்தே நிரப்பினார்கள்.

மலிவு மட்டுமே காரணமென்றால், ஸ்டென்னைவிட விலை கூடிய ஜெர்மனியின் எம்.பி. 40 துப்பாக்கி தப்பியிருக்க வேண்டும். அதே ஒற்றை வாய் அமைப்பு அதையும் விடவில்லை. வீரர்கள் ஸ்டென்னின் மேகசினைக் கைப்பிடியாக்கிக் கெடுத்தார்கள் என்பதும் மெய்யே. ஆனால் இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதைச் சண்டைக்கு நடுவே கை பற்றத்தான் செய்யும். அதைத் தாங்கும்படி செய்வது வடிவமைத்தவர் கடமை. பிரிட்டன் 1953இல் ஏற்ற ஸ்டெர்லிங் துப்பாக்கியின் வளைந்த மேகசினில், தோட்டாக்களை உருளைகள் தள்ள, அவை இரு வரிசையிலிருந்தும் மாறி மாறி ஏறின. அதில் 34 தோட்டாக்களையும் தயங்காமல் நிரப்பினார்கள்.