முல்லைப் பெரியாறு அணையின் நீர்க்கசிவுத் தடுப்புப் பணிகள்

முல்லைப் பெரியாறு அணை 1895 ஆம் ஆண்டு முதல் பயன்பாட்டில் உள்ள கல் கட்டுமான அணையாகும். இது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் அமைந்திருந்தாலும், இதனை இயக்குவதும் பராமரிப்பதும் தமிழ்நாட்டின் பொறுப்பாகும். தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் சாகுபடி இந்த அணையின் நீரை நம்பியுள்ளது. வைகைப் பாசனப் பகுதிகளுக்கும் மதுரை உள்ளிட்ட ஊர்களின் குடிநீருக்கும் இந்நீரே ஆதாரமாக உள்ளது. அணை கட்டப்பட்ட பின் அதன் சுவரில் ஏற்பட்ட நீர்க்கசிவும், அதனை அடைப்பதற்காக நூறாண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் பணிகளும் இந்த அணையின் வரலாற்றில் முக்கிய இடம் பெறுகின்றன.

அமைப்பும் கட்டுமானப் பொருளும்

திருவிதாங்கூர் அரசுக்கும் பிரித்தானிய இந்திய அரசுக்கும் இடையே 1886 அக்டோபர் 29 அன்று 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்பின் பொறியாளர் ஜான் பென்னிகுவிக் தலைமையில் 1887 இல் பணி தொடங்கி 1895 இல் நிறைவுற்றது. முதன்மை அணையின் நீளம் சுமார் 1,200 அடி. அதனை அடுத்துள்ள பேபி அணையின் நீளம் 240 அடி.

அணையின் முன்புறமும் பின்புறமும் கருங்கல்லைச் சுண்ணாம்பு – சுர்க்கிக் கலவையால் இணைத்துக் கட்டப்பட்ட சுவர்கள் ஆகும். நடுப்பகுதி சுண்ணாம்பு, சுர்க்கி, மணல், உடைகல் ஆகியவை சேர்ந்த காங்கிரீட்டால் நிரப்பப்பட்டது. அணையின் கன அளவில் பெரும்பகுதி இந்த நடுப்பகுதியே. சுர்க்கி என்பது சுட்ட செங்கல்லின் பொடி. சுண்ணாம்புக்கல் கம்பம் பள்ளத்தாக்கின் பக்கமிருந்து மலைமேல் கொண்டு செல்லப்பட்டது.

வெறும் சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவை ஏற்றுத்தான் இறுகும். பருத்த சுவரின் நடுப்பகுதிக்குக் காற்று எட்டாது. சுர்க்கி சேர்க்கும்போது சுண்ணாம்பு அதனுடன் வினைபுரிந்து ஈரத்திலும் இறுகுகிறது. சிமென்ட் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரவேண்டியிருந்த காலத்தில் இக்கலவையே நம்பத்தக்க கட்டுமானப் பொருளாக இருந்தது.

கசிவு ஏற்படும் விதம்

எந்தக் கல் அணையும் முழுமையாக நீர் புகாததாக இருப்பதில்லை. கல்லுக்கும் கலவைக்கும் இடையிலான நுண்ணிய சந்துகள் வழியே நீர் மெல்ல ஊடுருவும். மழைநீர் நிறைந்த மலைத் தேக்கத்தின் நீரில் கரைந்த உப்புகள் குறைவு. இத்தகைய மென்னீர் கலவையில் வினைபுரியாமல் எஞ்சிய சுண்ணாம்பைக் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. வெளியே வந்த சுண்ணாம்பு காற்றுப்பட்டதும் அணையின் பின்புறச் சுவரில் வெண்ணிறப் படிவாக உறைகிறது. சுண்ணாம்பு கரைந்த இடத்தில் சந்து பெரிதாகிறது. அதன் வழியே மேலும் நீர் வருகிறது. எனவே கசிவைக் கவனிக்காமல் விட்டால் அது தானாகவே வளரக்கூடியது.

கசியும் நீரால் மற்றொரு சிக்கலும் உண்டு. சுவருக்குள்ளும் அடித்தளத்திலும் புகும் நீர் மேல்நோக்கி அழுத்தம் தருகிறது. எடை அணை தன் எடையால் மட்டுமே நீரைத் தாங்குவதால், இந்த அழுத்தம் அதன் எடையில் ஒரு பகுதியைப் பயனற்றதாக்குகிறது. 1895 ஏப்ரல் 27 அன்று பிரான்சின் பூசே அணை உடைந்து 80க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகுதான், மேல்நோக்கிய அழுத்தத்தை வடிவமைப்பில் கணக்கிட வேண்டும் என்ற கருத்து பொறியாளர்களிடையே வலுப்பெற்றது. முல்லைப் பெரியாறு அணை அதே ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. அதன் உடலில் கசிவு நீரை வடித்து வெளியேற்றும் வடிகால் கூடம் அப்போது அமைக்கப்படவில்லை.

கசிவை அடைப்பதில் இந்த அணைக்கே உரிய தடை ஒன்றும் உள்ளது. பாசன நீர் அணையிலிருந்து அல்லாமல், தேக்கடியில் உள்ள தலைமதகு வழியாகச் சுரங்கத்தில் சென்று லோயர் கேம்ப் பகுதியை அடைகிறது. நீர்மட்டம் 104 அடிக்குக் கீழே இறங்கினால் தமிழ்நாட்டிற்கு நீர் எடுக்க இயலாது. அணையின் அடியிலும் நீரை வெளியேற்றும் மதகு இல்லை. ஆகவே முன்புறச் சுவரின் கீழ்ப்பகுதி எப்போதும் நீருக்குள்ளேயே இருக்கிறது. நீர் புகும் பக்கத்தில் அடைக்க முடியாத இடங்களுக்கு மேலிருந்து துளையிட்டோ பின்புறத்திலிருந்தோதான் வேலை செய்ய வேண்டும்.

முற்காலச் சீரமைப்புகள்

1930களில் அணையின் மேற்புறத்திலிருந்து துளைகள் இடப்பட்டு, சிமென்ட் பால் அழுத்தத்துடன் செலுத்தப்பட்டது. இம்முறை கிரவுட்டிங் எனப்படும். உள்ளே சென்ற சிமென்ட் பால் சந்துகளில் பரவி இறுகி நீரின் வழியை அடைக்கிறது. முன்புறச் சுவரில் சிமென்ட் கலவையைக் காற்றழுத்தத்தால் பீய்ச்சிப் பூசும் கனைட்டிங் பணியும் அக்காலத்தில் நடைபெற்றது. 1960களில் மீண்டும் கிரவுட்டிங் செய்யப்பட்டது. இப்பணிகள் கசிவைக் குறைத்தன. ஆனால் அணையின் எடையைக் குறிப்பிடும்படி கூட்டவோ மேல்நோக்கிய அழுத்தத்தை வடிக்கவோ அவற்றால் இயலவில்லை.

1979க்குப் பிந்தைய பலப்படுத்தும் பணிகள்

1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தின் மச்சு அணை உடைந்து மோர்பி நகரம் பேரழிவுக்கு உள்ளானது. இதையடுத்துப் பெரியாற்றின் கீழ்ப்பகுதியில் வாழும் மக்களிடையே அச்சம் பரவியது. 1979 நவம்பர் 25 அன்று மத்திய நீர் ஆணையத் தலைவர் கே. சி. தாமஸ் முன்னிலையில் திருவனந்தபுரத்தில் இரு மாநில அதிகாரிகளும் கூடினர். நீர்மட்டத்தை 136 அடியாகக் குறைத்து வைத்து, அணையைப் பலப்படுத்த மூன்று பணிகளை மேற்கொள்ள முடிவானது.

முதலாவது, அணையின் உச்சியில் சுமார் 12,000 டன் எடையுள்ள கம்பிக் காங்கிரீட் மூடி அமைத்தல். இது அணையின் எடையைக் கூட்டியது.

இரண்டாவது, கம்பிவட நங்கூரம். அணையின் உச்சியிலிருந்து அடிப்பாறை வரை துளையிடப்பட்டு, உயர் இழுவிசை எஃகுக் கம்பிகளால் ஆன வடங்கள் இறக்கப்பட்டன. அவற்றின் அடி முனை பாறையில் பதிக்கப்பட்டு, மேல் முனை இழுத்துப் பூட்டப்பட்டது. இதனால் அணை பாறையோடு சேர்த்து இறுக்கப்படுகிறது.

மூன்றாவது, அணையின் பின்புறம் முழுவதும் பழைய சுவரோடு பிணைத்துக் கட்டப்பட்ட காங்கிரீட் தாங்குசுவர். பழைய சுவருக்கும் புதிய சுவருக்கும் இடையே வடிகால் துளைகளும், கசிவு நீரைச் சேர்த்து அளக்கும் கூடமும் அமைக்கப்பட்டன. கசிவை முற்றிலும் அடைப்பது இப்பணியின் நோக்கமன்று. புகுந்த நீரை அழுத்தம் தராமல் வடித்து, அதன் அளவைத் தொடர்ந்து அறிவதே நோக்கமாகும்.

மேலும் 10 ஆக இருந்த உபரிநீர் மதகுகள் 13 ஆக உயர்த்தப்பட்டன. எஃகு ஷட்டருக்கும் அதன் சட்டத்துக்கும் இடையே நீர் ஒழுகாமல் இருக்க ரப்பர் சீல் பொருத்தப்படுவது வழக்கம். வெயிலிலும் மழையிலும் ரப்பர் காலப்போக்கில் கெட்டியாகி வெடிக்கும் என்பதால், அதனை மாற்றுவதும், ஷட்டருக்கு வண்ணம் பூசுவதும், இரும்பு வடங்களுக்கு கிரீஸ் இடுவதும் மழைக்காலத்திற்கு முன் செய்யப்படும் வழக்கமான பராமரிப்புகளாகும்.

நீதிமன்றத்தில் கசிவு

பணிகள் பெருமளவு முடிந்த பிறகும் நீர்மட்டத்தை உயர்த்துவதில் உடன்பாடு ஏற்படவில்லை. பல பத்தாண்டுகளாகக் கரைந்து வெளியேறிய சுண்ணாம்பால் அணையின் உட்பகுதி பலவீனமடைந்துவிட்டது என்பது கேரளத்தின் வாதம். எடை மூடி, நங்கூரம், தாங்குசுவர் ஆகியவற்றால் அக்குறை ஈடுசெய்யப்பட்டுவிட்டது என்பது தமிழ்நாட்டின் வாதம்.

உச்ச நீதிமன்றம் 2006 பிப்ரவரி 27 அன்று 142 அடி வரை நீரைத் தேக்க அனுமதித்தது. அடுத்த மாதமே கேரளச் சட்டமன்றம் நீர்மட்டத்தை 136 அடியாக வரையறுத்துச் சட்டத் திருத்தம் நிறைவேற்றியது. 2010 இல் நீதிபதி ஏ. எஸ். ஆனந்த் தலைமையில் அமைக்கப்பட்ட அதிகாரமளிக்கப்பட்ட குழு, அணையைப் பல்வேறு ஆய்வுகளுக்கு உட்படுத்தி 2012 இல் அறிக்கை அளித்தது. அணை பாதுகாப்பாக உள்ளது என்ற முடிவை ஏற்று, 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் கேரளச் சட்டத் திருத்தம் செல்லாது என அறிவித்ததுடன், மேற்பார்வைக் குழு ஒன்றையும் அமைக்க உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் நீர்மட்டம் 142 அடியைத் தொட்டது.

தற்போதைய நிலை

கூடத்தில் சேரும் கசிவு நீர் வி வடிவ வெட்டு கொண்ட தகடு வழியாக ஓடவிடப்பட்டு, நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் என்று அளக்கப்படுகிறது. நீர்மட்டம் ஏறும்போது கசிவும் ஓரளவு கூடுவது இயல்பு. மட்டம் மாறாதபோது கசிவு திடீரெனக் கூடினாலோ, நீர் கலங்கி வந்தாலோ அது எச்சரிக்கையாகக் கொள்ளப்படும். மேற்பார்வைக் குழுவின் ஆய்வுகளில் இந்த அளவும் மதகுகளின் இயக்கமும் பார்க்கப்படுகின்றன.

நீர்மட்டத்தை 152 அடிக்கு உயர்த்துவதற்கு முன் பேபி அணையைப் பலப்படுத்துவது உள்ளிட்ட பணிகள் எஞ்சியுள்ளன. அங்குள்ள 15 மரங்களை வெட்ட 2021 நவம்பரில் கேரள வனத்துறை அளித்த அனுமதி, சில நாட்களிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. அணைக்குத் தேக்கடியிலிருந்து படகிலோ, வல்லக்கடவு வழியாகச் செல்லும் வனச் சாலையிலோதான் செல்ல வேண்டும். அதனால் சிமென்ட், மணல் போன்ற மராமத்துப் பொருட்களைக் கொண்டு செல்வதற்கும் கேரள வனத்துறையின் இசைவு தேவைப்படுகிறது.

கசிவு அடைபட்டு அணை உறுதியாக இருப்பது, அதன் கீழே வாழும் இடுக்கி மக்களின் பாதுகாப்புக்கும் கம்பம் பள்ளத்தாக்கு உழவர்களின் நீருரிமைக்கும் ஒருங்கே தேவையானதாகும். எனினும் பராமரிப்புப் பணிகள் நீர்மட்டத்தை உயர்த்துவதற்கான முன்னேற்பாடாகவும் பார்க்கப்படுவதால், அவற்றுக்கான அனுமதி இரு மாநிலங்களுக்கிடையே தொடர்ந்து விவாதத்திற்கு உரியதாக உள்ளது.